மன்னர் இறங்கி வர முடியாது

முன்னொரு காலத்தில், இன்ன ஆண்டென்று எந்தக் கல்வெட்டும் சொல்லாத ஒரு நாட்டில், கோவேள் என்றொரு மன்னர் இருந்தார். அவருக்குத் தன் ஏரியின் மேல் தீராத ஆசை. கரையிலேயே ஏழு நிலை மாடம் ஒன்றைக் கட்டி, உச்சியில் மேற்குப் பார்த்து உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆண்டு மழை குறைவு. இருந்தாலும், எட்டாம் நாள் வரவிருந்த தெப்பத் திருவிழாவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையக் கூடாதென்று மதகை அடைக்கச் சொல்லிவிட்டார்.

கிழக்கே ஏழு ஊர் வயல்களில் நெல் பால் பிடித்து நின்ற நேரம். ஒரு நாள் காலையில் ஏழு ஊர்ச் சனமும் மாடத்தின் அடியில் வந்து கூடியது. காடம்மை என்ற உழவுக்காரப் பெண் முன்னால் நின்று அண்ணாந்து கூவினாள்.

"மகாராசா! நாலே நாளைக்கு மதகைத் தொறந்து விடுங்க. கதிரு கருகுது. பிடிவாதம் வேணாம், கொஞ்சம் எறங்கி வாங்க!"

பிடிவாதம் என்ற சொல் மன்னரைச் சுட்டுவிட்டது. "நான் இறங்கி வர மாட்டேன்!" என்றார்.

பக்கத்தில் பேரமைச்சர் மதிவாணரும் அரசவை விகடன் விடங்கனும் நின்றார்கள். விடங்கன் பேச்சுக்கு மன்னர் சிரிக்கும்போதெல்லாம் மதிவாணருக்கு வயிறு எரியும்.

"அரசே, அந்தப் பயிருக்காக ஒரு வார்த்தை..." என்று விடங்கன் தொடங்கினான்.

மதிவாணர் இடைமறித்தார். "மன்னர் பெருமானே, விடங்கனுக்கு அவர்கள்மேல் இவ்வளவு இரக்கம் இருக்கிறதே. தங்கள் ஆணையை அவனே எழுதி, அவனே கீழே போய்ப் படிக்கட்டும். மாலைக்குள் கூட்டம் கலையாவிட்டால் அவனும் அவர்களோடு நாட்டைவிட்டுப் போகட்டும்."

மன்னர் தலையசைத்தார். விடங்கன் ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்தான். "'இறங்கி வர மாட்டேன்' என்று எழுதட்டுமா அரசே?"

"மாட்டேனா?" மதிவாணர் முகம் சுளித்தார். "அது வீட்டில் கோபித்துக்கொண்ட பிள்ளை சொல்வது. மனம் மாறினால் மாறிவிடும். 'மன்னர் இறங்கி வர முடியாது' என்று எழுது. மலைபோல் நிற்கும்."

"எதிலிருந்து, எதற்காக என்று..."

"காரணம் சொல்வது சிறியவர் வழக்கம். அந்த ஒரு வரி போதும். திருவிழா முடியும்வரை செல்லும் என்று போடு. காவலர் இதை நிறைவேற்ற வேண்டும், தவறினால் தலை தங்காது என்றும் போடு."

விடங்கன் எழுதினான். "முத்திரை விழுந்தபின் இதை யாரும் மீறக் கூடாது, அப்படித்தானே?"

"இட்டவரே மீறக் கூடாது. அது இந்நாட்டின் பழைய சட்டம்" என்றார் மதிவாணர். மன்னர் பெருமையோடு முத்திரையை அழுத்தினார்.

பிறகு பசிக்கிறதென்று எழுந்து படிக்கட்டுப் பக்கம் நடந்தார். கீழே படிக்கப் போகுமுன் விடங்கன் ஓலையைப் படிக்கட்டுக் காவலரிடம் நீட்டினான். அவர்கள் படித்தார்கள். இன்னொரு முறையும் படித்தார்கள். தங்கள் வேல்களைப் படிக்குக் குறுக்கே வைத்தார்கள்.

"என்ன இது?" என்று கர்ஜித்தார் மன்னர்.

"மன்னர் இறங்கி வர முடியாது அரசே. முத்திரை இருக்கிறது" என்றான் விடங்கன் பணிவாக.

"அடேய், நான் சொன்னது அந்த இறங்குவதை அல்ல!"

"எந்த இறங்குவது என்று ஓலையில் இல்லையே. அடியேன் கேட்டேன், அமைச்சர் வேண்டாமென்றார். 'மாட்டேன்' என்று எழுதியிருந்தால் தங்கள் மனம் மாறியதும் படியும் திறந்திருக்கும். 'முடியாது' என்பதற்கு மனமே கிடையாது."

மன்னர் மதிவாணரைப் பார்த்தார். மீறலாம் என்று மதிவாணரால் சொல்ல முடியவில்லை. மீறக் கூடாதென்று அவர் சொல்லி இன்னும் முத்திரை அரக்குக்கூட ஆறவில்லை.

சோறு கூடையில் கட்டி மேலே ஏற்றப்பட்டது. மன்னர் அதைச் சாப்பிட்டார். உச்சி வெயில் ஏரியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வேறு வழியில்லாமல் அதுவரை திறந்தே பார்க்காத கிழக்குச் சாளரத்தைத் திறந்தார்.

அங்கேயே நின்றுவிட்டார்.

ஏரிக்கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை, காலையில் மாடத்தின் அடியில் கூடிய அதே மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். ஆணும் பெண்ணும் கிழவரும் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று, கைக்குக் கை குடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குடத்தின் வாயிலும் வெயில் மின்னியது. கால் காத தூரத்துக்கு ஒரு நதி கைகளின் மேலேறி நடந்து போவதுபோல் இருந்தது.

விடங்கனும் எட்டிப் பார்த்தான். மன்னரைச் சற்று நேரம் மேலே நிறுத்தி வைப்பது மட்டும்தான் அவன் போட்ட திட்டம். இதை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"குடங்கள் பக்கத்து வயல்களைத் தாண்டிப் போகின்றனவே. அந்த வயல்களும் காய்ந்துதானே கிடக்கின்றன?" என்று மெல்லக் கேட்டார் மன்னர். "காலையில் கூவிய அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும்."

"மன்னர் இறங்கிப் போய்க் கேட்க முடியாதே" என்றார் மதிவாணர், பழி தீர்த்துக்கொள்வதுபோல்.

"அவள் ஏறி வரக் கூடாதென்று ஓலையில் இல்லை" என்றான் விடங்கன்.

காடம்மை ஏழு நிலையும் ஏறி வந்தாள். சேலையெல்லாம் ஈரம். மூச்சு வாங்கியபடி கும்பிட்டாள்.

"தண்ணீர் எங்கே போகிறது அம்மா?"

"கடைமடைக்கு, மகாராசா. அங்க இருக்குற பயிரு இன்னிக்குத் தாங்காது. கரையோர வயக்காரங்க, தங்க பயிரு இன்னும் ரெண்டு நாளு தாங்கும்னு விட்டுக்குடுத்துட்டாங்க."

"விட்டுக்கொடுக்க வேண்டுமென்று யார் ஆணையிட்டது?"

காடம்மை சிரித்துவிட்டாள். "ஆணையா? குடுக்கணும்னு சொல்லியிருந்தா ஒருத்தன் குடுத்திருக்க மாட்டான். குடுக்கலாமான்னு கேட்டேன். குடுத்துட்டாங்க."

மன்னர் வெகு நேரம் அந்த வரிசையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஏழு நிலை மாடம் கட்டியும் இவ்வளவு பெரிதாக எதையும் அவர் கண்டதில்லை.

"நான் இறங்கி வர நினைக்கிறேன். ஆனால் ஓலை விடாதே" என்றார்.

"நீங்க ஏன் மகாராசா எறங்கணும்? தண்ணி எறங்கினாப் போதும்."

மன்னர் நிமிர்ந்தார். விடங்கன் ஓலையைக் கையில் எடுத்து, தேடுவதுபோல் மேலும் கீழும் பார்த்தான். "தண்ணீர் இறங்கி வர முடியாதென்று எங்கும் இல்லை, அரசே."

சாளரத்திலிருந்து மன்னரே கூவினார். "மதகைத் திறங்கள்!"

பலகை தூக்கப்பட்ட ஓசை மாடத்தின் உச்சிவரை கேட்டது. வெண்ணுரையாய்ப் பாய்ந்த தண்ணீர் காய்ந்த வாய்க்காலில் புழுதியை உருட்டிக்கொண்டு ஓடியது. குடத்தோடு நின்றவர்கள் அப்படியே நின்று கைகூப்பினார்கள்.

மன்னரால் மேலே இருக்க முடியவில்லை. "விடங்கா, என்னை அந்தத் தண்ணீரில் கால் வைக்க விடு."

"ஓலை மன்னரைத்தான் தடுக்கிறது. மன்னரென்று காட்டுவது தலையிலுள்ள முடிதானே? அது இங்கேயே இருக்கட்டும். மற்றவர் போகலாம்."

கோவேள் முடியைக் கழற்றி ஆசனத்தில் வைத்தார். காவலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேல்களை விலக்கினார்கள். "மதிவாணரே, திருவிழா முடியும்வரை மன்னருக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மதிவாணர் விசிறியை எடுத்து முடிக்கு விசிறத் தொடங்கினார்.

கோவேள் வெறுங்காலோடு வாய்க்காலில் இறங்கினார். முடியில்லாத தலையை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மண்வெட்டியோடு மடை திருப்ப ஓடி வந்த ஒரு கிழவர் அதட்டினார்.

"யாருப்பா அது, நடுவுல நின்னுக்கிட்டு? தண்ணி வருதுல்ல, தள்ளி நில்லு!"

கோவேள் சட்டென்று தள்ளி நின்றார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் புகுந்து ஓடியது. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். கரையில் நின்ற விடங்கனை அழைத்துத் தன் முத்துமாலையை அவன் கழுத்தில் போட்டார். இனி அவன் படித்துப் பார்க்காத எந்த ஓலைக்கும் முத்திரை இல்லையென்று அங்கேயே சொன்னார்.

அந்த ஆண்டு தெப்பம் மூன்று சுற்றுக்குப் பதிலாக ஒரே சுற்றுத்தான் வந்தது. அதை இழுக்க ஏழு ஊரும் வந்திருந்தது.