யவன வீரனின் வலது பக்கம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். தில்ஷாத் சொன்னால் நன்றாக இருக்கும். அவள் இங்கே இல்லை.

அப்போது நானும் அவளும் ஆக்னஸ் டீச்சரின் சிற்பக் கூடத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்தோம். டீச்சர் எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவர். ஓர் ஓட்டல் வாசலில் ஜோடியாக நிறுத்த இரண்டு யவன வீரர் சிலைகள், அந்தக் காலத்துக் கிரேக்கப் படையாட்கள் மாதிரி, கேட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று செய்தோம். உடைந்த படகுப் பலகையில் உடம்பு. பித்தளைத் தகட்டில் மார்புக் கவசம். தலைக்கவசத்தின் மேல் தென்னை நாரில் குஞ்சம். வட்டமான ஃபைபர் கேடயங்களை மட்டும் இன்னும் கையில் பொருத்தவில்லை.

அன்று தில்ஷாத் காரைக்காலுக்குக் கிளம்புகிறாள். அங்கே ஒரு கொட்டகை பிடித்திருந்தாள். சேர்ந்தே சிலை செய்து பிழைக்கலாம் என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் என் வீரனின் வலது விலாவில் ஒரு தகரத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எதுக்குடி?" என்றாள் தில்ஷாத்.

"கேடயம் இடது கையில. வலது பக்கம் திறந்து கிடக்கே."

"அப்படியே ஒரு கதவும் வச்சுப் பூட்டிடு. சாவியை முந்தானையில முடிஞ்சுக்க."

எனக்குக் கோபம் வந்தது. டீச்சரிடம் கேட்டேன். "இவனுக்கு வலது பக்கத்தை யார் டீச்சர் காப்பாத்துவாங்க?"

டீச்சர் ஒரு கேடயத்தை எடுத்து என் இடது கையில் மாட்டினார். தள்ளிப் போய் நின்று, ஈரக் களிமண்ணை உருட்டி என் மேல் எறிந்தார். வலது இடுப்பில் சேலையோடு ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா டீச்சர்!"

"தில்ஷாத் அக்கா, நீங்க இன்னொண்ணை மாட்டிக்கிட்டு அவங்க வலது பக்கம் ஒட்டி நில்லுங்க."

தில்ஷாத் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். அவள் கேடயத்தில் பாதி அவளை மறைத்தது. மீதிப் பாதி என் வலது பக்கத்தை மறைத்தது. டீச்சர் மறுபடி எறிந்தார். களிமண் டப்பென்று அவள் கேடயத்தில் விழுந்தது.

"யவன வீரருங்க இப்படித்தான் வரிசையா நின்னாங்க" என்றார் டீச்சர்.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"வரியாடி?" என்றாள் தில்ஷாத். இப்போது அவள் சிரிக்கவில்லை.

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன். "அங்கே போன பிறகு இவ பாதியில விட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்? இவளை நம்பிப் போகலாமா?"

"தில்ஷாத் அக்காவோட வலது பக்கத்தைப் பாருங்க அக்கா."

பார்த்தேன். அங்கே அவளை மறைக்க ஒன்றுமே இல்லை. அவளுடைய வெறும் தோள். அதற்கப்புறம் வாசல்.

நான் என் கேடயத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன். தில்ஷாத் தன் கேடயத்தைக் கழற்றி என் காலடியில் சாய்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பஸ் சத்தம் அடங்கியதும் நான் அந்தத் தகரத்தை எடுத்தேன். வீரனின் வலது விலாவில் வைத்து, சுற்றிலும் ஆணி அடித்தேன்.