திரும்பிப் பார்க்கிறவன்

"முதுகுல கண்ணா இருக்கு, கோச்? மாதேஷ் என்ன சர்வ் போடுறான்னு திரும்பிப் பார்க்காம எப்படி நிக்கிறது?"

மூலையில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி ஜெரால்டு கேட்டான்.

இறுதி ஆட்டம். நாற்பது–முப்பது. இன்னும் ஒரே ஒரு புள்ளி, கோப்பை அவர்களுக்கு.

டென்னிஸ் இரட்டையரில் ஒருவன் பின்னாலிருந்து சர்வ் போட, மற்றவன் அவனுக்கு முதுகைக் காட்டி வலையருகே நிற்பான். ஜெரால்டுக்கு மட்டும் கழுத்து நிற்காது. காலையில்தான் மாதேஷ் சொல்லியிருந்தான்: "அண்ணே, இன்னிக்கும் என்னை நம்பாம திரும்பினீங்கன்னா, திங்கக்கிழமை வேற ஆளைப் பார்த்துக்குங்க."

கோச் பர்வீன் ஜெரால்டைவிட ஆறு வயது இளையவள். அவள் நாற்காலியைத் தூக்கி, மைதானத்துக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

எதிரே பார்வையாளர் வரிசையில் பாப்கார்னோடு இருந்த தொப்பிக்காரர் பதறிப்போனார். "ஏம்மா, ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது."

"தெரியும் சார். நீங்க பாருங்க."

மாதேஷ் சர்வ் போட்டான். வலை. மறுபடி போட்டான். ஜெரால்டின் தலை தானாகத் திரும்பியது. எதிராளி திருப்பி அடித்த பந்து அவன் காதை உரசிக்கொண்டு பறந்தது.

நாற்பது–நாற்பது. இந்தப் போட்டியில் இதற்குமேல் இழுபறி கிடையாது. அடுத்த புள்ளியை எடுத்தால் கோப்பை, இல்லையென்றால் இந்த ஆட்டம் கைநழுவும்.

மாதேஷ் அவனைப் பார்க்காமலே பந்தை எடுக்கப் போனான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

ஜெரால்டு துண்டுக்கு ஓடினான். பர்வீன் திரும்பாமலே சொன்னாள்:

"முதல் சர்வ் வலை. ரெண்டாவது உள்ள விழுந்துச்சு. பந்து உங்க இடது காதோரமாப் போச்சு. சரியாண்ணா?"

"நீங்கதான் பார்க்கவே இல்லையே."

"பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவள் கண் தொப்பிக்காரரின் முகத்தை விட்டு நகரவில்லை. அவர் வாய் இன்னும் திறந்தே கிடந்தது, ஒரு கை தன் இடது காதைப் பொத்தியிருந்தது.

ஜெரால்டு துண்டை மெல்லக் கீழே வைத்தான்.

வலையருகே போய் நின்றான். முதல் சர்வ் வலையில் விழுந்தது. அரங்கம் மூச்சை அடக்கியது.

பின்னால் மாதேஷ் பந்தைத் தரையில் தட்டும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

கழுத்து இழுத்தது.

அவன் எதிராளியின் முகத்தைப் பார்த்தான். திரும்பவில்லை. புருவம் ஏறியது. வலது தோள் பின்னால் போனது. ஜெரால்டின் கால்கள் அதற்குள் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தன.

மட்டை நீண்டது. டப்.

அப்போதுதான் திரும்பினான்.

மாதேஷ் இரண்டு கையையும் விரித்தபடி அவனை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பர்வீன் இன்னும் கூட்டத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் தலையெல்லாம் பாப்கார்ன்.