நோவாவுக்கு எத்தனை மார்க்?

கேம் பெட்டிகளின் வேகத்தை ‘டெராஃப்ளாப்’ கணக்கில் சொல்லிச் சொல்லியே யூடியூபில் பெரிய ஆளான தீனதயாளன், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேம் பெட்டி ரிப்பேர் பார்க்கும் பிலோமினாவின் கடைக்குள் கேமராவோடு நுழைந்தார்.

"புதுசா வந்த வஜ்ரா, நோவா கேம் பெட்டி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிக் காட்டும்மா. நேரலைல இருக்கோம். முடியலன்னா உன் கடை மானம் போயிடும்."

கடையில் வஜ்ரா மட்டும்தான் இருந்தது. நோவா இன்னும் கூரியரில் வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்ததுமே, "காரணம் சொல்லாதே!" என்று அதட்டினார்.

பிலோமினா மேஜையை ஒரு துணியால் மூடிவிட்டு, சுவரில் இருந்த இரண்டு டிவியையும் போட்டாள். "பெட்டியைப் பாக்காம படத்தைப் பாத்தே சொல்லுங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இடது பக்கம் வஜ்ரா. பன்னிரண்டு டெராஃப்ளாப் வேகம். ஒவ்வொரு புல்லும் தனியாத் தெரியுது. வலது பக்கம் நோவா. வேகம் பத்துதான், மெமரியும் கம்மி. அதே புல்லு கீரைக் கடைசல் மாதிரி இருக்கு! வஜ்ராவுக்கு ஒம்பது மார்க், நோவாவுக்கு நாலு!"

அப்போது கூரியர்காரர் உள்ளே வந்தார். "அக்கா, நோவா பார்சல். கையெழுத்துப் போடுங்க."

தீனதயாளன் துணியை இழுத்தார். உள்ளே ஒரே ஒரு வஜ்ரா. அதிலிருந்தே இரண்டு டிவிக்கும் ஒயர் போயிருந்தது.

பிலோமினா நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"நோவா இப்பத்தான் சார் பரீட்சைக்கே வந்திருக்கு. அதுக்குள்ள நாலு மார்க் போட்டுட்டீங்களே!"