விரிசல் விழாத ஜெர்மன் கிண்ணம்

கேள்வியைக் கடைசியில் கேட்கிறேன். அதுவரை யார் மீதும் கோபப்படாமல் இருக்க முடிந்தால் இருங்கள். எனக்கு முடியவில்லை.

குன்னூரில், மலையை விட்டுப் போகிறவர்களின் பங்களாச் சாமான்களை ஏலம் விடும் கூடம் ஒன்று இருந்தது. நடத்தியவர் ஜெபநேசன், எழுபதைத் தாண்டியவர். ஒவ்வொரு பீங்கானையும் ஏலத்துக்கு முன் எல்லோரும் பார்க்க விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்றால் முழுசு. பொத்தென்றால் எங்கோ மயிரிழை விரிசல். அதன்பின் அவர் சொல்லும் ஒற்றை வார்த்தையை வைத்துத்தான் விலை ஏறும், இறங்கும். சந்தேகப்படுகிறவர் யாரானாலும் 'மூன்று தரம்' சொல்வதற்குள் மேடையேறித் தானும் தட்டிப் பார்க்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொருளின் சொந்தக்காரர் மட்டும் வாய் திறக்கக் கூடாது. தன் பண்டத்தை யார்தான் குறை சொல்வார்கள்?

இதில் ஒரு சங்கடம். இரண்டு வருடமாக ஜெபநேசனுக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவந்தார். பீங்கானைத் தட்டும்போது முன்வரிசை வியாபாரிகளின் முகத்தைப் பார்ப்பார். முகம் மலர்ந்தால் முழுசு, சுருங்கினால் விரிசல். கெட்டிக்காரத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவள், மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏலப் பட்டியல் எழுதும் மகள் பியூலா மட்டும்.

"வெளிய தெரிஞ்சா அன்னைக்கே நான் செத்தேன்னு வச்சுக்க" என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

ஆனால் சென்னையிலிருந்து வரும் பழம்பொருள் வியாபாரி சபாபதி மோப்பம் பிடித்துவிட்டான். (அவனுக்கு 'ர்' போட மனம் வரவில்லை.) ஒருநாள் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஐயா, கூரை பத்திக்கிச்சு" என்று சொல்லிப் பார்த்தான். அவர் திரும்பவே இல்லை. பீங்கானைத் தட்டும்போது அவர் கண் யார் முகத்துக்குப் போகிறது என்பதையும் கவனித்துக்கொண்டான்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை சவேரியம்மாளின் கிண்ணம் ஏலத்துக்கு வந்தது. அவள் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் முப்பது வருடம் சமைத்தவள். பங்களா அம்மா ஊரைவிட்டுப் போகும்போது, சூப் பரிமாறுகிற அந்தப் பெரிய பீங்கான் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இருநூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் செய்தது. உடம்பெல்லாம் பூவும் வண்டும் தீட்டியிருக்கும். மூடியின் பிடி ஒரு ரோஜா மொட்டு. கவிழ்த்தால் அடியில், செய்தவர்களின் முத்திரையாக, நீல நிறத்தில் இரண்டு வாள்கள் குறுக்கே கிடக்கும். இப்போது தோட்டத்தையே மூடிவிட்டார்கள். தொழிலாளர் லைன் வீடுகளை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கோத்தகிரி பக்கம் இரண்டு சென்ட் நிலமும் அதில் ஓர் அறை வீடும் பேசி வைத்திருந்தாள். கிண்ணம் நல்ல விலைக்குப் போனால் அவளுக்கு வீடு. போகாவிட்டால் தெரு.

அன்றைக்குப் பேய்மழை. தகரக் கூரை அதிர்ந்ததில் பின்வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜெபநேசன் மூடியை எடுத்து வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தட்டினார். கணீரென்று கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. மேடையில் இருந்த பியூலாவுக்கும், மேடையை ஒட்டிய பெஞ்சில் இருந்த சவேரியம்மாளுக்கும், முன்வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது.

அன்று முன்வரிசையில் இருந்தது சபாபதியும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் மட்டும்தான். மூவரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். சபாபதி தலையைக்கூட ஆட்டினான், ஐயோ பாவம் என்பதுபோல.

"விரிசல்" என்றார் ஜெபநேசன், வருத்தத்தோடு, மழையையும் மீறிய உரத்த குரலில்.

இந்தக் கிண்ணத்தை ஏலம் கேட்பதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓட்டல்காரர், தூக்கிய கையை இறக்கிவிட்டார். சபாபதி ஒரு விலை சொன்னான். இரண்டு சென்ட் நிலத்தில் வேலி போடக்கூடக் காணாத விலை. ஒரு தரம். பியூலாவின் பேனா நின்றது. இரண்டு தரம். அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு பட்டியலைப் பார்த்தாள். மூன்று தரம். குனிந்து எழுதிக்கொண்டாள்.

மூன்று தரம் சொன்ன ஏலம் அங்கே திரும்புவதில்லை. மறுநாள் பியூலா மனசு கேட்காமல் லைன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். சவேரியம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் நல்லாத்தாம்மா கேட்டுச்சு" என்றாள். "ஐயாவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சுக்கிட்டேன். முப்பது வருஷம் தேய்ச்சுக் கழுவுன கிண்ணம். அதையே சந்தேகப்பட்டுட்டேன் பாருங்க."

இப்போது சொல்லுங்கள். காது போனதை மறைத்துத் தட்டிய ஜெபநேசன், வாயால் ஒரு பொய்கூடச் சொல்லாமல் முகத்தைச் சுளித்த சபாபதி, கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்ட பியூலா. சவேரியம்மாளின் வீடு போன பழி இந்த மூவரில் யாரை அதிகம் சேரும்?

விடை: சபாபதி கொள்ளையடிக்கவே வந்தவன், அவனிடம் யாரும் நியாயத்தை எதிர்பார்க்கவில்லை. ஜெபநேசனின் வீண் ஜம்பம் பெரிய குற்றம்தான், ஆனால் அந்த நிமிடத்தில் தான் ஏமாறுவது அவருக்குத் தெரியாது. சத்தத்தையும் கேட்டு, சூழ்ச்சியையும் கண்டு, தடுக்க வழியும் இருந்தவள் பியூலா ஒருத்திதான். வாக்கை மீற வேண்டிய அவசியம்கூட அவளுக்கு இல்லை. எழுந்து தானும் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும், பெரியவரின் மானமும் பிழைத்திருக்கும். பழி அவளுக்கே அதிகம் என்பேன். அழுதாளே என்று நீங்கள் இரங்கலாம். ஆனால் அப்பாவிடம் இன்றுவரை அவள் இதைச் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் ஏலம் நடக்கிறது, சபாபதியும் தவறாமல் வருகிறான். சவேரியம்மாள் மேட்டுப்பாளையத்தில் யார் வீட்டிலோ சமைத்துப்போட்டு, அந்தச் சமையலறையிலேயே படுத்துக்கொள்கிறாள்.