பாயசம் ஸ்பானிஷ் படித்த கதை

கூறுகெட்டான்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. இருந்தால்தானே பஞ்சம் வருவதற்கு.

அந்த ஊர்ச் சொரிமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது, அதுவும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள். கொடை என்றால் மற்றவர்களுக்குச் சாமி, அவனுக்குப் பாயசம். ஒரு வருஷமாக நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவன், பந்தியில் உட்கார முடியாதோ என்று நடுங்கினான். காய்ச்சல் நடுக்கம் வேறு தனியாக இருந்தது.

அவனுடைய கூட்டாளிகள் ஆண்டியப்பனும் கொம்பையாவும் பேச்சிமுத்துவும், ஊரில் மருத்துவ முகாம் போட்டிருந்த ஸ்பெயின் நாட்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். அரைகுறைத் தமிழ் பேசும் அந்த அம்மாள் ஒரு மாத்திரை கொடுத்து, சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றாள். இவர்கள் ஆசையாகக் கேட்டதால் தன் மொழியில் மாத்திரை 'பாஸ்தியா', காய்ச்சல் 'ஃபியேப்ரே', வலி 'தொலோர்', தலை 'கபேசா' என்றும் சொல்லிக்கொடுத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஏலே, இது ஸ்பானிஷ் மாத்திரை," என்றான் ஆண்டியப்பன். "உள்ள போயி காய்ச்சல் எங்கன்னு கேட்டா, இவன் வயித்துக்குப் பதில் சொல்லத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அது பள்ளிக்கூடமே போகலியே," என்றான் கொம்பையா.

"வழி தெரியாம முழங்காலுக்குப் போயிட்டுன்னா?" என்றான் பேச்சிமுத்து.

மூவரும் தலையைச் சேர்த்து யோசித்தார்கள். முதலில் பாடம், பிறகு சோறு, அதன் பிறகு மாத்திரை என்று முடிவாயிற்று. சொரிமுத்துவைப் படுக்கவைத்து, தொப்புளுக்கு நேராக வாயை வைத்து, "ஃபியேப்ரே, சொல்லு, ஃபியேப்ரே" என்று கத்தினார்கள். பட்டினி கிடந்த வயிறு கடமுட என்றது.

"ஒப்பிக்குதுடே," என்றான் பேச்சிமுத்து.

"பசிக்குதுலே," என்றான் சொரிமுத்து.

"நீ பேசாத. வயிறு படிக்குது."

விடிந்தபோது காய்ச்சலே பொறுமையிழந்து போய்விட்டிருந்தது. மேளச் சத்தம் கேட்டதும், பந்திக்கு முந்து என்று சொரிமுத்து வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தான். ஆண்டியப்பன் மறித்தான்.

"எங்கலே போற? சாப்பிட்டா மாத்திரை போடணும். மாத்திரை போடக் காய்ச்சல் வேணும். காய்ச்சல் எங்க?"

சொரிமுத்துவுக்கு அழுகை வந்தது. பாயச வாசனை வேறு வந்தது. தொப்பென்று விழுந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, "ஃபியேப்ரே, கபேசா தொலோர்" என்று முனகினான்.

வயிறு பாடத்தில் தேறிவிட்டதென்று கூட்டாளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கைத்தாங்கலாகப் பந்திக்குத் தூக்கிப்போய், இலை போட்டு, சோறும் வைத்தாயிற்று. பாயசக் கரண்டி இலைக்கு மேலே வந்தபோது கொம்பையா பரிமாறுகிறவர் கையைப் பிடித்துவிட்டான்.

"நில்லுங்க. இவன் வயிறு இப்ப ஸ்பானிஷ் வயிறு. பாயசம் உள்ள போயித் தமிழ்ல பேசினா அதுக்கு என்ன புரியும்?"

நியாயந்தானே என்று பந்தியே தலையாட்டியது. மூவரும் பாயச அண்டாவைத் திரும்ப அடுப்பிலேற்றி, சுற்றிக் குந்திக்கொண்டு, "பாஸ்தியா, சொல்லு, பாஸ்தியா" என்று ஆரம்பித்தார்கள். பாயசம் குபுகுபுவென்று கொதித்தது.

"கெட்டிக்காரப் பாயசம்," என்றான் பேச்சிமுத்து. "தமிழச் சுத்தமா மறக்கற வரைக்கும் இறக்கிராதீங்க."