வெதுவெதுப்பு

அரிசி மில்லில், பாய்லர் ரூம் வாசலில் உட்கார்ந்து முறத்தில் குருணை புடைத்துக்கொண்டிருந்தேன். பாய்லர் ரூமில் போன் அடித்தது. பாய்லர் பார்க்கும் மாசிலாமணி அண்ணன் எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்கு அவர் மகள்தான் கூப்பிடுவாள். காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவர் சம்சாரம் செத்த பிறகு அவருக்கு வரும் போன் அது ஒன்றுதான்.

ஜெசிந்தா கேட்டாள். நெல் அவித்து மிஞ்சும் சுடுதண்ணீரில் கரண்ட் எடுக்கும் புது மிஷினுக்கு அவள்தான் பொறுப்பு. அவரைவிட முப்பது வயது இளையவள். ஆனால் அந்த மிஷினுக்கு அவர் அவளிடம்தான் பாடம் கேட்கிறார்.

"ஏனுங்ணா எடுக்கல?"

"எடுத்து என்ன அம்மிணி? 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா'ன்னுட்டு வெச்சுருவா. அவ கல்யாணத்துக்கு நான் ஏன் வரலைன்னு சண்டையாவது போடட்டும். இந்த வெதுவெதுப்பு எதுக்காகும்? இனி எடுக்கறதா இல்ல."

ஜெசிந்தா மிஷினுக்குப் போகும் சுடுதண்ணீர்க் குழாயைக் காட்டினாள்.

அவர் வழக்கம்போல விரலை நனைத்து அதன் மேல் ஒரு சொட்டு சுண்டினார். பாய்லர்காரர்கள் சூடு பார்ப்பது அப்படித்தான். சொட்டு சத்தமில்லாமல் வழிந்தது.

"பாத்தியா, சுர்ருங்கல. இதுல எங்க ஆவி வரும்?"

"ஆவியாகறது தண்ணி இல்லீங்ணா, வேற ஒண்ணு."

மேசையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தாள். மேலும் கீழும் குமிழ், உள்ளே சிவப்பாய் ஏதோ திரவம். கீழ்க்குமிழை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரவம் மளமளவென்று மேலே ஏறிக் கொப்பளித்தது.

அவர் பயந்துபோனார். "அடுப்பே இல்லையே!"

"உங்க கைதானுங்ணா. மிஷினுக்குள்ள ஓடறதும் இது மாதிரி ஒண்ணுதான். அந்த வெந்நியே அதுக்குப் போதும். ஆவியாகி சக்கரத்தச் சுத்திருது."

"அப்ப இன்னும் நல்லா எரிச்சுக் குடுத்தா?"

"குடுத்தீங்களே, போன மாசம்."

அவர் தலை குனிந்தார். மிஷினுக்குச் சூடு பத்தாது என்று பாவம் பார்த்து, நேராக நீராவியைத் திருப்பிவிட்டவர் அவர்தான். உள்ளே அழுத்தம் ஏறி, திரவமெல்லாம் வெளியே பீறிட்டுப் போய், மிஷின் பதினோரு நாள் நின்றது.

கண்ணாடிக் குழாயை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சண்டையும் வேண்டாம்னா, எம் புள்ளகிட்ட நான் என்னத்தக் கேக்கறது?"

"அவ கேக்கறதையே கேளுங்க."

போனை எடுத்தார். ஸ்பீக்கரில் ரிங் போனது.

"கண்ணு... சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இல்லீங்கப்பா," என்றாள் அந்தப் பெண், "இன்னிக்கு நான்..."

அவர் போனைக் காதோடு சேர்த்து வைத்து, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு... இருங்கள், வீட்டில் கூப்பிடுகிறார்கள், மீதியை அப்புறம் சொல்கிறேன்.

"இதோ வந்துட்டேனுங்க, பாப்பா எந்திரிச்சிட்டாளா?"