கோவணம் கட்டிய ராஜா

முன்னொரு காலத்தில், ராஜா என்றும் குடியானவன் என்றும் பாராமல் வெயில் வறுத்தெடுத்த ஒரு நாட்டில், விசயகேது என்றொரு மன்னர் இருந்தார். கூத்து என்றால் அவருக்கு உயிர். திருவிழாவில் பகல் கூத்துப் பார்க்க வந்தவர், புழுக்கம் தாங்காமல் முடியையும் பட்டாடையையும் அரண்மனையிலேயே விட்டுவிட்டு, வெள்ளை வேட்டியும் மேல்துண்டுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு ராஜா வேஷம் சடையாண்டிக்கு. கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் சரிகைப் பட்டுமாக அவன் திரை விலக்கி வந்ததுதான் தாமதம், சனம் மொத்தமும் வாயைப் பிளந்தது. நிஜ ராஜா பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. மன்னருக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்த படைத்தலைவர், தண்டநாயகர் அரிமர்த்தனர் சும்மா இருப்பாரா? கூத்தாடிக்கு இத்தனை மிடுக்கா, இது துரோகமல்லவா என்று மன்னர் காதில் ஓதினார். கூத்துக்காரர்களை அழைத்து வந்தவன் அரண்மனை விகடன் வெண்காடன். அவனைக் கவிழ்க்கத்தான் அவர் காத்திருந்தார்.

மன்னர் ஆணையிட்டார்: "நாளையும் இதே கூத்து நடக்கட்டும். ராஜா வேஷக்காரன் முடியோ பட்டோ அணியக் கூடாது. அவன் ராஜா என்று எவரும் சொல்லவும் கூடாது. ஆயினும் பார்த்த கணமே அவன்தான் ராஜா என்று தெரிய வேண்டும். தவறினால் அவன் தலை போகும். வெண்காடா, பொறுப்பு உன்னுடையது."

தீர்ப்புச் சொல்ல, அன்றுதான் கப்பலில் வந்திறங்கிய குதிரை வணிகன் ஒருவனைத் தண்டநாயகரே தேடிப் பிடித்தார். அவன் மன்னரையும் கண்டதில்லை, கூத்தையும் கண்டதில்லை.

சடையாண்டி வெண்காடன் காலில் விழுந்தான். "சாமி, கிரீடம் இல்லாட்டி எங்க வூட்டு நாய்கூட என்னைய மதிக்காது. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்கு."

வெண்காடன் அவனைத் தூக்கி நிறுத்தினான். நிதானமாகக் கேட்டான்: "உங்கிட்ட நல்ல கோவணம் ஒண்ணு இருக்கா?"

மறுநாளும் மன்னர் வெள்ளை வேட்டியோடு, மேல்துண்டை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். திரை விலகியது. வாயிற்காவலன் தலையில் கிரீடம்! சமையற்காரன் தலையில் கிரீடம்! பெருக்குகிறவன் மேலெல்லாம் சரிகைப் பட்டு! சபை கலகலத்தது. அந்த மினுமினுப்புக்கு நடுவே வெறும் கோவணத்தோடு சடையாண்டி வந்து நின்றான்.

அவ்வளவுதான். கிரீடக்காரர்கள் அத்தனை பேரும் தோள்துண்டைச் சரேலென்று இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். அரசன் முன்னால் தோளில் துண்டு இருக்கலாமா? வாய் பொத்திப் பின்வாங்கினார்கள். ஒருவன் ஆசனத்தைத் துடைத்தான். சடையாண்டி ஒரு கொட்டாவி விட்டான், கிரீடங்கள் நடுங்கின.

வணிகன் யோசிக்கவே இல்லை. "கோவணம் கட்டியவரே மன்னர்" என்றான். சனம் ஆர்ப்பரித்தது. வெண்காடனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தண்டநாயகர் துள்ளி எழுந்தார். இடுப்பில் இருந்த துண்டை ஆத்திரத்தில் உருவித் தோளில் வீசிக்கொண்டு, ஆணை மீறப்பட்டது, சமையற்காரனுக்கெல்லாம் முடியா என்று கத்தினார்.

"ராஜா வேஷக்காரனுக்குத்தான் முடி கூடாது என்பது ஆணை" என்றான் வெண்காடன் பணிவாக. "சமையற்காரனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையே, ஐயா."

தண்டநாயகர் இன்னும் உரக்கக் கத்த, வணிகன் வெண்காடனிடம் வெள்ளந்தியாகக் கேட்டான்: "மேடையில் இருப்பவர் கூத்து ராஜா, புரிந்தது. கீழே எல்லோரும் துண்டை இடுப்பில் கட்டியிருக்க, தோளில் போட்டுக்கொண்டு அதட்டுகிறாரே, இவர்தான் இந்த நாட்டு ராஜாவோ?"

தண்டநாயகரின் துண்டு அவர் வாய் மூடுவதற்கு முன்பே இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் தங்கக் கடகத்தைக் கழற்றி வெண்காடன் கையில் பூட்டினார். கூத்து ராஜாவுக்கு இனி என்றும் கிரீடம் உண்டு என்று அறிவித்தார். சடையாண்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒரு துணி குடுங்க சாமி. எல்லாரும் பாக்குறாங்க."

மன்னர் தம் மேல்துண்டையே எடுத்துப் போர்த்தினார். சடையாண்டி அதைத் தோளில் ஒரு நொடிகூட வைத்திருக்கவில்லை. பரபரவென்று இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டான். அது மானத்துக்கா மரியாதைக்கா என்று மன்னர் கேட்க, இரண்டுக்கும் ஒரே துண்டுதான் இருக்கிறது என்றான் வெண்காடன். மன்னர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.